வெள்ளிக்கிழமைப் புகை

காற்றுக்கு நிறம் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்று சத்தியம் செய்வேன். முப்பது வருடமாக அதைத்தான் கழுவிக்கொண்டிருக்கிறேன். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வீடு வீடாகப் போய், அறையைக் குளிர வைக்கும் ஏர்கோனைச் சர்வீஸ் செய்வது என் பிழைப்பு. ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, ஃபில்டரை உருவி வெளிச்சத்தில் பிடித்தால் போதும். அந்த வீட்டார் இத்தனை நாள் எதை மூச்சில் இழுத்தார்கள் என்பது வலையில் படிந்து கிடக்கும்.

துறைமுகச் சாலையை ஒட்டிய வீடுகளில் அது கறுப்பு. விரலில் ஒட்டினால் சோப்புக்கும் மசியாது, லோரிப் புகை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் சாம்பல் நிறத்தில் பஞ்சாகத் திரண்டிருக்கும். டெங்கில் பக்கம் செம்மண் தூசி. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு காலம் பிசுபிசுவென்று, பிளாஸ்டிக் கருகிய நாற்றத்தோடு வந்தது. யார் எரிக்கிறார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த தெருவைக் கை காட்டினார்கள். இங்கே எல்லோரும் ஜெரெபு என்று சொல்லும் புகைமூட்டம் வந்துபோன மாதங்களில் மட்டும் எல்லா ஊர் ஃபில்டரும் ஒரே நிறமாகிவிடும். தேத்தண்ணி நிறம். எங்கோ கடலுக்கு அப்பால் எரிந்த காடும் கரிமண்ணும் நம் வீட்டுப் படுக்கையறை வரை வந்து படுத்துக்கொள்ளும்.

தமிழர் வீடு என்றால் மூடியைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். சாம்பிராணி வாசம் முகத்தில் அடிக்கும். வெள்ளிக்கிழமை தோறும் போட்ட புகை உள்ளே போய் உட்கார்ந்து, வலையில் எண்ணெய்ப் பசையாக இறங்கியிருக்கும். தண்ணீரைப் பாய்ச்சினால் குளியலறை முழுக்கக் கோயில் வாசம் எழும்பும். "நாங்க ஒரு வெள்ளிக்கிழம விடமாட்டோம் அண்ணே," என்று வீட்டு அக்கா பெருமையாகச் சொல்வார். "அதான் வீடு லட்சுமிகரமா இருக்கு," என்று நானும் வாய் நிறையச் சொல்வேன். எத்தனை வீட்டில் அப்படிச் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வாடிக்கையாளர்களுக்கு நான் தவறாமல் நடத்தும் பாடம் ஒன்றும் உண்டு. "பாஸ், இந்த ஏர்கோன் வெளிக்காத்த உள்ள இழுக்காது. ரூம்ல இருக்கிற காத்தையே திரும்பத் திரும்பக் குளிர வெச்சி விடும். உள்ள நீங்க எத விடுறீங்களோ, அதையேதான் மூச்சு வாங்குவீங்க." இதைச் சொல்லிவிட்டு ஏதோ பெரிய படிப்புப் படித்தவன் மாதிரி ஸ்குரூட்ரைவரைத் துடைத்துப் பைக்குள் வைப்பேன். ஊருக்கெல்லாம் சொன்ன இந்தப் பாடத்தை என் வீட்டில் மட்டும் நான் நடத்தவில்லை.

*

நான் வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவாட்டர்ஸில். ஒரு காலத்தில் அங்கே செங்கல் சூளைகள் புகைந்துகொண்டிருந்தனவாம்; ஊரின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். சூளைப் புகை போய் நிலக்கரிப் புகை வந்தது. அது போய் டீசல் புகை வந்தபோது நான் பிறந்தேன். அப்பா ரயில் பட்டறையில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுக்கும். அதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை. வேலைக்குப் போய் வந்ததன் அடையாளம் என்று நினைத்தார்கள்.

மாலையானால் குவாட்டர்ஸ் வரிசையில் இருமல் தொடங்கும். முதல் வீட்டில் ஒருவர் இருமுவார், நாலு வீடு தள்ளி இன்னொருவர். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாலும், யார் யார் வீடு திரும்பிவிட்டார்கள் என்று நான் இருமலை வைத்தே சொல்லிவிடுவேன். அப்பாவுடையது சின்னதாக இரண்டு, பெரியதாக ஒன்று. அதைக் கேட்டதும் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் அவர் கோபக்காரர். பின்சந்தில் காய்ந்த இலையையும் குப்பையையும் கூட்டிக் கொளுத்துவார்கள், கொசுவுக்கு நல்லது என்று. ரயில் புகை, இலைப் புகை, யார் வீட்டிலோ மீன் பொரிக்கும் புகை எல்லாம் கலந்து ஒரு நீல மங்கலாகக் கூரைகளுக்கு மேல் நிற்கும். அந்த மங்கலுக்குள் ரயில் விசில் கேட்கும். இன்றைக்கும் எங்கேயாவது டீசல் வாடை அடித்தால் எனக்குப் பசிக்கும்.

வெள்ளிக்கிழமை மட்டும் அப்பா சீக்கிரம் குளிப்பார். எங்கள் வீட்டில் சாம்பிராணி போடுவது ஆண்பிள்ளை வேலை. கொட்டாங்குச்சியைக் கனிய வைத்து, மண் தூபக்காலில் போட்டு, மேலே தூளைத் தூவி, அறை அறையாக எடுத்துப் போவார். கதவு இடுக்கு, கட்டிலுக்குக் கீழே, எங்கள் தலைமயிர் வரைக்கும் காட்டுவார். அப்போது வாய்க்குள் ஏதோ முனகிப் பாடுவார். வார்த்தை இருக்காது, ராகமும் பாதிதான் இருக்கும். தூபக்கால் கையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் அவர் வேறு ஆள். என் மார்க்கு அட்டையில் கையெழுத்து வாங்க நான் அந்த நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலை ஓய்வுக்குப் பிறகு அப்பா அதிக காலம் இருக்கவில்லை. நெஞ்சு கெட்டுவிட்டது என்றார்கள். ஒரு சுருட்டு கூடப் பிடிக்காத மனுஷனுக்கு எப்படி நெஞ்சு கெடும் என்று வந்தவர்கள் ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார்கள். நானும் ஆச்சரியப்பட்டேன். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

தூபக்கால் எனக்கு வந்தது.

*

முதல் பெரிய ஜெரெபு வந்தபோது நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த இளவட்டம். சூரியன் உப்பு முட்டையின் மஞ்சள் கரு மாதிரி தொங்கியது. கண் கூசாமல் அதை நேருக்கு நேர் பார்க்கலாம். நாங்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றோம். ஊர் பாதி அழிந்துபோய், எதிர்ச் சாலையில் போகிறவர்கள் கால் இல்லாமல் மிதந்து போவது போலிருக்கும். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, ஆனாலும் ஊரே ஒரு கனவுக்குள் இறங்கிவிட்ட மாதிரி ஒரு மயக்கம். பிறகு அது சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து போகும் விருந்தாளி ஆனது. பள்ளிக்கூடம் மூடுவார்கள், முகக்கவசம் தீர்ந்துபோகும், மழை வரும், எல்லோரும் மறந்துவிடுவோம். எனக்கு மட்டும் ஆறு மாதம் கழித்து ஃபில்டர்கள் ஞாபகப்படுத்தும்.

கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தேன். என் மனைவி கிள்ளான்காரி. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணி எடுக்கும் பெண்கள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். துணிக்கு லைனிங் வாங்க அவள் அங்கே போகும்போதெல்லாம், ஒரு கடையில் எனக்காகக் கட்டி சாம்பிராணியும் வாங்கி வருவாள். "தூளு வேணாம்னு சொல்லிட்டேன், கட்டிதான் நீங்க கேப்பீங்க," என்பாள். சின்ன வயதில் அவளுக்கு வீசிங் இருந்தது. இருபது வயதில் போய்விட்டது, நாற்பத்தைந்தில் மெல்லத் திரும்பி வந்தது. எங்கள் மகள் பினாங்கில் படிக்கப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், ஒரு தையல் மெஷின், சேமித்து வாங்கிய ஒரு ஏர்கோன்.

இப்போது காற்றைப் பார்க்கப் போனிலேயே வழி வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் அவள் அதைத் திறந்து ஊர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பாள். நீலம் என்றால் நல்ல காற்று, பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் வந்தால் எனக்கு முகக்கவசத்தை எடுத்து வைப்பாள். நான் சொல்ல வரும் வருடம் ஒருநாள் கிள்ளான் ஆரஞ்சில் எழுந்தது. அடுத்த நாளும் ஆரஞ்சு.

நான் தொழில்காரன் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? வேனில் கிடந்த ரப்பர் நுரை டேப்பைக் கொண்டுவந்து ஜன்னல் சட்டம், கதவு இடுக்கு, பழைய காற்றுத் துளை ஒன்று விடாமல் அடைத்தேன். குளிர்பதன அறைக்கு அடைக்கும் மாதிரி அடைத்தேன். வாசலுக்குக் கீழே ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தேன். வேலை முடிந்ததும் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ஜன்னல் ஓரமாகப் பிடித்துக் காட்டினேன், சுடர் அசையவில்லை. "பாத்தியா? இனிமே ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது," என்றேன். அவள், "வரவே வராதா?" என்று கேட்டாள். பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அப்படியும் கருகல் வாடை போகவில்லை. சட்டையோடு, செருப்போடு, வேன் சாவியோடு அது உள்ளே வந்தது. அதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மட்டும் போட்ட சாம்பிராணியைத் தினமும் போட ஆரம்பித்தேன். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினால் வெளியே உள்ள ஜெரெபு எப்படியோ உள்ளே வந்துவிட்டது என்று இன்னொரு கட்டி போடுவேன். நல்ல புகை கெட்ட புகையைத் துரத்தும் என்று நான் மனதார நம்பினேன். அப்பா செய்தது, அவருக்கு முன்னால் இருந்தவர்கள் செய்தது. ஊரில் எத்தனை வீட்டு ஃபில்டரில் அதே வாசம்!

அந்த வாரங்கள் இப்போது நினைவில் நேராக நிற்பதில்லை. எல்லாம் மஞ்சள் வெளிச்சத்தில், பாதித் தூக்கத்தில் நடந்த மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தால் ஒரே கனவு வரும். பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸ், நீல மங்கல், கூரைகளுக்கு அப்பால் ரயில் விசில். மெல்லியதாக, நீளமாக, போய்ப் போய்த் திரும்பி வரும். கண் விழித்த பிறகும் கொஞ்ச நேரம் அது கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தண்டவாளம் கிடையாது. ஆனாலும் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை, சுகமாகத்தான் இருந்தது. பக்கத்தில் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள்.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. எதற்கெடுத்தாலும் வெளியே போனாள். துளசிக்குத் தண்ணீர், குப்பைப் பை, தபால் பெட்டி. நான் தூபக்காலைக் கையில் எடுத்தால் போதும், அவளுக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். "இவ்ளோ ஜெரெபுல எங்க லா போறே?" என்று கத்துவேன். "இதோ வந்துட்டேன்," என்பாள், வரமாட்டாள். சொன்னால் கேட்காத பிறவி என்று மகளுக்குப் போன் போட்டுப் புகார் சொன்னேன். மகளும் அவளைத் திட்டினாள்.

இருமல் அதிகமானதும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இளம் டாக்டர், சீனப் பெண். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று மலாயில் கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கையால் சிகரெட்டைத் தொட்டது கூட இல்லை டாக்டர், வீட்டையே காற்றுப் புகாமல் அடைத்து வைத்திருக்கிறேன் என்றேன். அவர் தலையசைத்து இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். என் மனைவி சுவரில் ஒட்டியிருந்த நுரையீரல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

*

அடுத்த வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து வந்து குளித்தேன். பொழுது சாய்ந்ததா இல்லையா என்று தெரியாத வெளிச்சம். கொட்டாங்குச்சி நன்றாகக் கனிந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று இரண்டு கட்டியை உடைத்துப் போட்டேன். ஹால், சாமி படம், தையல் அறை என்று சுற்றி வந்தபோது அவள் எழுந்து, "துணி எடுத்துட்டு வரேன்," என்று வெளியே போனாள். நான் சமையலறை வரை போன பிறகுதான் உறைத்தது. கொடியில் துணியே இல்லை. ஜெரெபு வந்த நாளிலிருந்து வீட்டுக்குள்தான் காயப்போடுகிறோம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கதவைத் திறந்தேன். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தெருவிளக்கு அந்த மங்கலில் ஒரு எலுமிச்சம்பழம் மாதிரி மிதந்தது. எதிர்வீடு இருந்த இடத்தில் எதிர்வீடு இல்லை. வாயைத் திறந்து, தோள்களை உயர்த்தி, மெதுவாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

"ஒனக்கு என்னா பைத்தியமா? போன்ல ஆரஞ்சு காட்டுது, நீ இங்க வந்து ஒக்காந்து காத்து வாங்குறியா?"

"அஞ்சு நிமிஷம்ங்க. அஞ்சே நிமிஷம் லா."

"ஒரு நிமிஷம் கெடையாது. உள்ள வா!"

கையைப் பிடித்து இழுத்தேன். ஆமாம், இழுத்தேன். உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்தி, டேப்பை விரலால் அழுத்தி விட்டேன், ஈரத் துண்டைக் காலால் தள்ளி வைத்தேன். அவள் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு நல்லது என்று நினைத்துத் தூபக்காலை அவள் பக்கத்தில் கொண்டுபோய், அப்பா எங்கள் தலைக்குக் காட்டுவாரே, அப்படிக் காட்டினேன்.

அவள் மெஷின் விளிம்பைப் பிடித்தாள். விரல் முட்டிகள் வெளுத்தன. ஏதோ சொல்ல வாய் எடுத்தாள், சத்தம் வரவில்லை. உதடு நிறம் மாறியதைப் பார்த்த பிறகுதான் என் கையிலிருந்ததைக் கீழே வைத்தேன்.

வேனில் தாமிரக் குழாய்களுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் பக்கத்தில் அவளை உட்கார வைத்து ஓட்டினேன். முன்னால் போன கார்களின் சிவப்பு விளக்கு மட்டும்தான் சாலை. நடுவழியில் அவள் கண்ணாடியை இறக்கினாள். "மூடு மா, மூடு," என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினாள், முகத்தை வெளியே நீட்டினாள். ஊரே முகத்தை மூடிக்கொண்டு ஓடும் அந்தக் காற்றில் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு திரும்பியது. அதைக் கண்ணால் பார்த்தேன், அப்போதும் எனக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் முகத்தில் மூடியை வைத்து மருந்துப் புகை விட்டார்கள். படுக்கையெல்லாம் இருமல். நான் ஓரமாக நின்றேன். ஒரு தமிழ் நர்ஸ், என் மகள் வயது இருக்கும், குழாயைச் சரிசெய்துவிட்டு என் பக்கம் திரும்பி மூக்கைச் சுளித்தாள்.

"அங்கிள், ஒங்க சட்டையில சாம்பிராணி வாசம் வருது. வீட்டுல போட்டீங்களா?"

"ஆமா மா, வெள்ளிக்கிழம இல்ல."

"ஜன்னல் தெறந்து வெச்சிட்டா?"

"ஜெரெபுல எப்படி மா தெறக்கறது? எல்லாத்தையும் டேப் போட்டு அடச்சிட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. "அங்கிள், அதுவும் பொகதானே. சாமிக்குப் போட்டா ஆன்டி நெஞ்சுக்குத் தெரியுமா?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "எங்க வீட்டுலயும் இப்படித்தான். நான் சண்ட போட்டு நிறுத்தினேன். ஆன்டி நெஞ்சுகிட்ட காத வெச்சிக் கேளுங்க, விசில் இன்னும் போகல," என்றாள்.

குனிந்து கேட்டேன். மெல்லியதாக, நீளமாக, போய்ப் போய்த் திரும்பி வந்தது. அது எனக்குத் தெரிந்த ரயில்.

*

இரண்டு நாள் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் காலையில் அவளுக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு வெதுவெதுப்பு வந்து முகத்தில் படிந்தது. என் வீட்டு வாசம். எனக்கு உயிரான வாசம். முதல் தடவையாக அதை ஒரு வாடிக்கையாளர் வீட்டு வாசம் மாதிரி முகர்ந்தேன்.

வேனிலிருந்து ஏணியை எடுத்து வந்தேன். சொந்த வீட்டு ஏர்கோனைக் கடைசியாக எப்போது கழுவினேன் என்று யோசித்தால் ஞாபகமே வரவில்லை. ஊரார் வீடெல்லாம் முடித்துவிட்டு வந்தால் யாருக்கு உடம்பு வளையும்? மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினேன். அதற்குப் பிறகு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. துறைமுகச் சாலை வீட்டிலும் இல்லை, குப்பை எரித்த பக்கத்திலும் இல்லை. வலையின் கண்கள் மூடிப்போய், தொட்டால் விரல் வழுக்கியது. மேலே மேலாக ஜெரெபின் தேத்தண்ணி நிறம் கொஞ்சம். அதற்குக் கீழே பூராவும் நான்தான்.

குளியலறையில் உட்கார்ந்து கழுவினேன். தண்ணீர் சாம்பலாகப் போனது, பழுப்பாகப் போனது, மறுபடி சாம்பலாகப் போனது. கோயில் வாசம் எழும்பி அறையை நிறைத்தது. மூடிய ஜன்னல் வழியாக வந்த மஞ்சள் வெளிச்சத்தில் தண்ணீர் வட்டம் போட்டு வடிகாலில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கைக்குட்டை ஞாபகம் வந்தது. அந்த நாற்காலியும், அவள் கேட்ட ஐந்து நிமிடமும் ஞாபகம் வந்தன. குழாயை மூடாமலே அழுதேன்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் அவள் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "வீட்டுக்குள்ளதான் ஒனக்கு முட்டுதுன்னு தெரியும் இல்ல? ஏன் சொல்லல?" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சொல்லலாம்னுதான் ஒவ்வொரு வாட்டியும் நெனைப்பேன்," என்றாள். மூச்சு சேர்த்துக்கொண்டு மறுபடி பேசினாள். "நீங்க காலைல எழுந்தா போன்ல சண்ட, ரோட்டுல சண்ட, வீட்டுக்கு வந்தா டிவிகிட்ட சண்ட. அந்தத் தூபக்கால கையில எடுத்தா மட்டும் வாய்க்குள்ள பாடுறீங்க. நீங்க பாடுறது ஒங்களுக்கே தெரியாது. நான் வெளிய ஒக்காந்து அதத்தான் கேட்டுக்கிட்டு இருப்பேன். அத எப்படிங்க நிறுத்தச் சொல்றது?"

நான் பாடுவேன் என்று எனக்கு அதுவரை உண்மையிலேயே தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முந்தின நாள் இழுத்த அதே கை.

*

அடுத்த வாரம் மழை பெய்தது. கிள்ளான் பச்சைக்கு வந்து, ஒரு காலை நீலத்துக்கும் வந்தது. டேப்புகளை உரித்தேன், பசை மட்டும் ஜன்னல் சட்டங்களில் கோடாக நின்றுவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது தமிழர் வீடுகளில் மூடியைத் திறந்து அந்த வாசம் அடித்தால் நான் பாராட்டுவதில்லை. "அக்கா, போடுங்க, வேணாம்னு சொல்லல. ஜன்னலத் தெறந்து வெச்சிக்கிட்டுக் கொஞ்சமா போடுங்க. வீட்டுல யாருக்காச்சும் வீசிங் இருந்தா போடவே போடாதீங்க," என்கிறேன். சிலர் தலையாட்டுகிறார்கள். ஒரு ஆன்டி, ஏர்கோன் கழுவ வந்தவனுக்கு எதற்குச் சாமி விஷயம் என்று கேட்டுவிட்டு அதன் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும். ஜெரெபு மறுபடி வரும், அது என் கையில் இல்லை. எங்கோ எரிகிற காட்டை என்னால் போய் அணைக்க முடியாது. துறைமுகச் சாலை லோரிகளையும் நிறுத்த முடியாது. என் வீட்டுத் தூபக்காலை அணைக்க முடிந்தது, அதுவும் இவ்வளவு தாமதமாக.

வெள்ளிக்கிழமை மட்டும் அது இன்னும் வெளியே வருகிறது. நெருப்பு இல்லை. மண் தூபக்காலைக் கழுவித் துடைத்து, நடுவில் கொளுத்தாத சாம்பிராணிக் கட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, ஜன்னலெல்லாம் திறந்த வீட்டுக்குள் அறை அறையாகப் போகிறேன். முதல் தடவை வெட்கமாக இருந்தது. பொம்மை வைத்து விளையாடும் பிள்ளை மாதிரி. அவள்தான் தையல் அறையிலிருந்து, "எங்க, பாட்டக் காணோம்?" என்று குரல் கொடுத்தாள். தெரிந்து பாடுவது கஷ்டம். ஆனாலும் பாடுகிறேன். வார்த்தை இல்லை, ராகம் பாதிதான்.

கடைசியாகத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். அவள் ஊசியை நிறுத்துவாள்.

"வாசம் வருதா?" என்று கேட்பேன்.

கொளுத்தாத கட்டியில் அவ்வளவு தூரத்துக்கு வாசம் ஏது? எனக்கே வருவதில்லை. அவள் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மெதுவாக விட்டு, "வருதுங்க," என்பாள்.

அந்த மூச்சு உள்ளே போய் வெளியே வரும் வரை நான் அசையாமல் நின்று காது கொடுத்துக் கேட்கிறேன். ரயில் வரவில்லை.